வாடகைக்குக் கிடைத்த அரைப் பரப்புக் காணி: லண்டன் அலொட்மென்றில் இரண்டு பருவங்கள்

வடமேற்கு லண்டனில் நாங்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சிலிடமிருந்து, 2023 ஒக்டோபரில், காய்கறி பயிரிடுவதற்கென ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்தேன். இங்குள்ள தமிழர்கள் உட்பட எல்லோரும் அதனை அலொட்மென்ற் என்றே சொல்வதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன். ஆண்டு வாடகை, தண்ணீருக்கும் சேர்த்து, 74 பவுண்; திருப்பித் தரப்படும் முற்பணம் 50 பவுண்; வெளிப்படலையின் திறப்புக்கு 10 பவுண். இரண்டு முழுப் பருவங்களைக் கண்ட பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதலாவது ஆண்டின் முடிவில் எழுதியிருந்தால் "எடுக்க வேண்டாம்" என்றே எழுதியிருப்பேன். அது அந்த மண்ணுக்கு நான் செய்த அநியாயமாகப் போயிருக்கும்.

அலொட்மென்ற் நிலத்தை இந்த நாட்டில் இன்றைக்கும் பழைய றொட் கணக்கிலேயே அளக்கிறார்கள். முழுத் துண்டு என்பது 10 றொட், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். எனக்குக் கிடைத்தது 5 றொட் கொண்ட அரைத் துண்டு. ஒப்பந்தத் தாளில் இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்த பின்னர்தான், நமது காணி உறுதிகளில் வரும் பேர்ச் என்பதும் றொட் என்பதும் ஒரே அளவு என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. ஆகவே ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு இது போதும் என்று இங்கே வகுத்து வைத்திருக்கும் முழுத் துண்டு, சரியாக நம்முடைய ஒரு பரப்பு. என்னுடையது அரைப் பரப்பு. கோண்டாவிலில் ஐயா எட்டுப் பரப்புச் செம்மண் காணியில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மாறி மாறி வைத்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அரைப் பரப்பு என்றதும் அது கையளவு நிலமாகத் தோன்றியது. முதலாவது ஆண்டில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்திலிருந்தே பிறந்தன.

சேவையின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்கள் கேட்டால் உள்ளூராட்சி மன்றங்கள் பயிர்நிலம் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும் என்ற கடமையை 1908ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. அலொட்மென்றுக்கென்றே வாங்கப்பட்ட நிலத்தை அமைச்சரின் அனுமதியின்றி விற்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ முடியாது என்று 1925ஆம் ஆண்டின் சட்டம் காப்பளித்தது. ஓர் அடி ஆழத்துக்கு மண்ணைத் திருத்துவதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும் வேலையில், நாளைக்கு இங்கே வீடு கட்டிவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் எருப் போட முடிவது சிறிய விடயம் அன்று. ஆனால் கவுன்சில்கள் கொடுக்கும் எல்லா நிலத்துக்கும் இந்தக் காப்பு இல்லை. தற்காலிக அலொட்மென்ற் என்று பதியப்பட்டவை இதற்குள் வராது. கையெழுத்திடும் முன்னர் உங்கள் நிலம் எந்த வகை என்று கேளுங்கள். எங்களுடையது காப்புள்ள நிலம் என்பதை அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பிய பின்னரே அறிய முடிந்தது.

காத்திருப்புப் பட்டியலில் நான் பெயர் பதிந்தது 2019இல். நான்கு ஆண்டுகளில் ஒரு தடவைகூட, நான் எத்தனையாவது இடத்தில் நிற்கிறேன் என்று யாரும் அறிவிக்கவில்லை. பிறகு ஒருநாள் கடிதம் வந்தது. பத்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஒப்படைக்கப்பட்ட நாளில் அந்தத் துண்டு இருந்த நிலையை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் புதிதாக எடுக்கும் பலர் மனமுடைந்து திரும்பிப் போவது அந்தக் கட்டத்தில்தான். இடுப்பளவு உயரத்துக்கு முட்பற்றை. அதன் கீழே, முன்னர் வைத்திருந்தவர் களையை அடக்குவதற்காக விரித்துவிட்டுப் போன பழைய வீட்டுக் கம்பளம் மக்கி, நூல் நூலாக மண்ணோடு பின்னிக் கிடந்தது. உடைந்த கண்ணாடிக் கொட்டிலின் துண்டுகள் மூலைக்கு மூலை புதைந்திருந்தன. கம்பளம் விரிப்பதைத் தங்கள் விதிகளிலேயே தடை செய்திருக்கும் ஒரு கவுன்சில், அந்தக் கம்பளத்தை அகற்றாமலே நிலத்தை அடுத்தவரிடம் கொடுத்தது சரியல்ல. அதை வெளியே எடுத்து, கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோவதற்கு எனக்கு ஏழு சனிக்கிழமைகள் சென்றன. இந்த மதிப்புரையில் நான் குறைக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி இதற்கே.

முட்பற்றையை வெட்டினால் போகும். உண்மையான எதிரி வெள்ளை வேரோடு மண்ணுக்குள் ஓடும் பைன்ட்வீட் என்ற கொடிக்களை. அதன் வேரில் ஒரு விரற்கடை மண்ணில் தங்கினாலும் அதிலிருந்து புதுக்கொடி கிளம்பும். நான் வாடகை உழவு இயந்திரம் ஒன்றை ஒருநாளுக்கு எடுத்து முழு நிலத்தையும் கிண்டினேன். அன்று மாலை நிலம் தட்டையாகவும் சுத்தமாகவும் தெரிந்தது, மனைவிக்குப் படம் அனுப்பினேன். அந்த இயந்திரம் செய்ததெல்லாம் ஒவ்வொரு வேரையும் இருபது துண்டாக நறுக்கி நிலமெங்கும் பரப்பி நட்டதுதான் என்பது ஏப்ரலில் தெரிந்தது. களை உள்ள நிலத்தில் முதலாவது ஆண்டு இயந்திரம் வேண்டாம். முள்ளுக் கரண்டி போன்ற தோட்டக் கவையால் கிண்டி, வேரை நீளமாக இழுத்து எடுப்பதே வழி.

மண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டனின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது கனமான களிமண். நான் அறிந்த மண் யாழ்ப்பாணத்துச் செம்மண்: சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும், தண்ணீரைக் குடித்து உடனே கீழே அனுப்பிவிடும், மழை விட்ட மறுநாளே மண்வெட்டி போடக்கூடிய மண். அந்தப் பழக்கத்தில் நவம்பர் மழைக்குப் பிறகு வந்த முதல் வெயில் நாளில் இறங்கிக் கொத்தத் தொடங்கினேன். இரண்டு துண்டு தள்ளித் தோட்டம் வைத்திருக்கும், வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அக்கா வேலியடியில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஈரத்தில இந்த மண்ணைக் கொத்தாதையுங்கோ. கொத்தினா சித்திரை மாசம் செங்கல்லாத்தான் கிடக்கும்." நான் கேட்கவில்லை. களிமண்ணை ஈரத்தில் மிதித்தாலோ புரட்டினாலோ அதன் காற்றுத் துளைகள் நசுங்கி ஒட்டிவிடும். காய்ந்ததும் அது கட்டியாகும். சித்திரை பிறந்தபோது நான் கொத்திய பகுதி முழுவதும் கைமுட்டி அளவு கட்டிகள். கொத்தாமல் விட்ட கீழ்ப்பக்கம், உறைபனி பட்டு, தானாகவே பொடிந்து கிடந்தது.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்க்கிறேன். அது மெழுகு போல மினுங்கித் திரண்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். நான்கு அடி அகலப் பாத்திகளாகப் பிரித்து, நடுவே நடைபாதை விட்டு, பாத்தியை ஒருபோதும் மிதிப்பதில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் இரண்டு அங்குல மொத்தத்துக்குக் கொம்போஸ்ற் பரப்பி, புழுக்களிடம் விட்டுவிடுகிறேன். பூவரசங் குழையும் கிளுவைக் குழையும் பசளையாக மண்ணில் தாழ்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இதன் நியாயம் புதிதாக இருக்காது. இலையுதிர்காலத்தில் கவுன்சில் லொறி கொண்டுவந்து கொட்டும் சருகுக் குவியல், இந்த அலொட்மென்றில் இலவசமாகக் கிடைக்கும் மிக நல்ல பொருள்.

குழையையும் சருகையும் நம்பியதுபோல எருவையும் நம்பியதுதான் அடுத்த அடி. 2024 மார்ச்சில் ஒரு குதிரை லாயத்திலிருந்து இருபது மூட்டை மக்கிய எருவை வாங்கிப் போஞ்சிப் பாத்திக்கும் தக்காளிப் பாத்திக்கும் போட்டேன். ஜூனில் தக்காளியின் நுனி இலைகள் பன்னத்தின் குருத்துப்போலச் சுருண்டன. போஞ்சியின் இலைகள் கிண்ணம்போலக் குவிந்து நின்றன. வைரசு நோய் என்று நினைத்துப் பிடுங்கத் தொடங்கியபோது, பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அமினோபைரலிட் என்ற சொல்லை எழுதிக் கொடுத்தார். புல்வெளியில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் மருந்து அது. அடித்த புல்லைக் குதிரை தின்றால், மருந்து குதிரையின் வயிற்றில் சிதையாமல் எருவோடு வெளியே வரும். எரு நன்றாக மக்கியிருந்தாலும் அது அதில் தங்கியிருக்கக்கூடும். போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அதன் மிகச் சிறு அளவையும் தாங்கமாட்டா. 2008இல் இந்த நாட்டில் பல அலொட்மென்றுகள் இதனால் பாதிக்கப்பட்டு, அந்த மருந்தின் விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டது. எனக்கு எருவை விற்றவர்கள் வைக்கோலை வெளியிலிருந்து வாங்கியதாகவும் தங்களுக்கு ஒன்றும் தெரியாதென்றும் சொன்னார்கள்; பணம் திரும்பவில்லை. யாரிடம் எரு வாங்கினாலும், கொஞ்சத்தைக் கொம்போஸ்ற்றோடு கலந்து இரண்டு சாடிகளில் போட்டு, நான்கைந்து போஞ்சி விதையை ஊன்றி, எருக் கலக்காத சாடியோடு ஒரு மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் பொறுத்திருந்தால் எனக்கு ஒரு பருவம் மிஞ்சியிருக்கும்.

அதே ஆண்டு மழையையும் சொல்லாமல் விட முடியாது. 2024 மார்ச்சுடன் முடிந்த பதினெட்டு மாதங்கள், 1836இல் தொடங்கும் இங்கிலாந்தின் பதிவுகளிலேயே மிக ஈரமான பதினெட்டு மாதங்கள். அந்த ஈரத்தில் பெருகியவை, இங்கே ஸ்லக் என்று சொல்லப்படும் ஓடில்லா நத்தைகள். வீட்டு ஜன்னலோரத்தில் ஆறு கிழமை வளர்த்த நாற்பது கோவாக் கன்றுகளையும் இருபது கீரைத் தட்டுகளையும் மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை நட்டேன். ஞாயிறு காலை போனபோது தண்டுகள்கூட இல்லை; நட்ட இடத்தில் வெள்ளிக்கோடு போட்டாற்போலச் சளித்தடம் மட்டும் மினுங்கியது. ஒரு பயிர் நோய்ப்பட்டு மெல்ல மெல்லச் சாவதைப் பார்ப்பது வேறு. ஓர் இரவில் எல்லாம் இல்லாமற் போவதைப் பார்ப்பது வேறு. அன்று அந்த நடைபாதையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நத்தைக்கு எதிராக நான் வாங்கிய பொருள்களைத் தனித்தனியே மதிப்பிடுகிறேன், ஏனென்றால் கடைகளில் புதியவர்களின் பணம் அதிகம் போவது இங்கேதான். செப்பு நாடாவுக்கும் கம்பளி உருண்டைகளுக்கும் 31 பவுண் செலவழித்தேன். எனது பாத்தியில் இரண்டும் எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. அரச தோட்டக்கலைச் சங்கம் செப்பு நாடா, பரற்கல், மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டைக்கோது ஆகிய ஐந்தையும் சலாதுக் கன்றுகளைச் சுற்றி வைத்துச் சோதித்து, எதுவுமே சேதத்தைக் குறைக்கவில்லை என்று 2018இல் வெளியிட்ட முடிவை நான் முன்னரே படித்திருக்க வேண்டும். பழைய நீல உருண்டைகளில் இருந்த மெற்றல்டிஹைட் என்ற நஞ்சு, பறவைகளையும் முள்ளெலிகளையும் பாதிப்பதால், 2022 வசந்தம் முதல் வெளித் தோட்டங்களில் தடை செய்யப்பட்டுவிட்டது. யாராவது கொட்டிலின் மூலையில் வைத்திருந்து கொடுத்தாலும் வாங்க வேண்டாம். இப்போது கிடைக்கும் பெரிக் பொஸ்பேற் உருண்டைகள் ஓரளவு வேலை செய்கின்றன. அவற்றைத் தின்ற நத்தை தீனியை விட்டு மண்ணுக்குள் போய்ச் சாவதால் செத்த நத்தை கண்ணில் படாது; அதனால் வேலை செய்யவில்லை என்று எண்ணி மேலும் மேலும் கொட்டக் கூடாது.

மிகச் சிறந்தது நெமற்றோட் என்ற நுண்புழு. பொடியாக வரும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, மண்ணின் வெப்பம் 5 பாகைக்கு மேலே போன பின்னர், தண்ணீரில் கரைத்து ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். அவை நத்தையின் உடலுக்குள் புகுந்து கொல்லும். ஒரு தடவை ஊற்றினால் ஏறத்தாழ ஆறு கிழமைக்குத் தாங்கும். விலை அதிகம் என்பதால் முழு நிலத்துக்கும் ஊற்றாமல், கன்று நடும் இரண்டு பாத்திகளுக்கு மட்டும், நடுவதற்கு ஒரு கிழமை முன்னர் ஊற்றுகிறேன். இவை எல்லாவற்றோடும், இரவு பத்து மணிக்கு ரோச் வெளிச்சத்தில் வாளியோடு போய்ப் பொறுக்குவதும் தேவை. 2024 ஜூனில் ஒரே இரவில் 140 பொறுக்கினேன்.

ஜூலையின் கடைசியில் உருளைக்கிழங்கு போனது. இலையில் கறுப்புப் புள்ளி, அடியில் வெண்பூஞ்சு, நான்கே நாளில் பாத்தி முழுவதும் கருகி நாற்றமெடுத்தது. 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைத் தொடக்கிய அதே பிளைற் நோய்தான் இது, இன்றும் காற்றில் வருகிறது. இரண்டு நாள் தொடர்ந்து, இரவிலும் வெப்பம் 10 பாகைக்குக் குறையாமலும், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 வீதத்துக்கு மேலாகவும் இருந்தால் நோய் வரும் என்று எதிர்பார்க்கலாம். ஸ்கொட்லாந்திலுள்ள ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் இந்தக் கணக்கு 2017 முதல் பயன்பாட்டில் உள்ளது. புள்ளியைக் கண்ட அன்றே தண்டுகளை நிலமட்டத்தில் அறுத்து அகற்றிவிட்டு, இரண்டு கிழமை கழித்துக் கிழங்கைக் கிண்ட வேண்டும். எனக்கு அது தெரியாததால் முப்பது விதைக்கிழங்கு நட்டு, தின்னக்கூடியதாக 9 கிலோ மட்டுமே எடுத்தேன்.

எனக்கு மிகவும் வலித்தது அவரையின் கதை. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய அவரை விதையை மே மாதம் ஊன்றினேன். மூன்று மீற்றர் பந்தலை மூடிக்கொண்டு படர்ந்தது, தளதளவென்ற கொடி, வழியால் போனவர்கள் நின்று கேட்டார்கள். ஜூலை போனது, ஓகஸ்ட் போனது, ஒரு பூ இல்லை. தண்ணீரைக் குறைத்தேன், நுனி கிள்ளினேன், சாம்பல் போட்டேன். ஒக்டோபர் நடுவில் முதற்பூ வந்தது. நவம்பர் உறைபனியில் கொடி கறுத்துச் சரிந்தது. ஒரு காய்கூடப் பறிக்கவில்லை. நமது ஊர் அவரை, இரவு நீண்டால்தான் பூக்கும் பயிர். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்துக்கு மேற்படுவதில்லை. லண்டனில் ஜூன் கடைசியில் பகல் 16 மணி 30 நிமிடத்தையும் தாண்டுகிறது. அந்தக் கொடி கோடை முழுவதும், இரவு நீளட்டும் என்று காத்திருந்திருக்கிறது. நான் எருவிலும் தண்ணீரிலும் பிழை தேடினேன். பிழை வானத்தில் இருந்தது. பயித்தங்காயும் வெண்டியும் வேறு காரணத்தால், சூடு போதாமல், வெளியே காய்க்கவில்லை. அவற்றுக்குக் கண்ணாடிக் கொட்டிலோ பொலித்தீன் கூடாரமோ வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில், 2024 ஜூனில், கவுன்சிலிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிலத்தின் முக்கால் பங்கு பயிரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 28 நாளில் நடவடிக்கை என்று எழுதியிருந்தார்கள். நான் களையைச் சாகடிப்பதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி வைத்திருந்தேன்; பார்வையிட வந்தவர் அதைத் தரிசாகக் கணக்கிட்டுவிட்டார். விளக்கம் எழுதிப் படங்களை இணைத்து அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். விதி தேவையானதுதான், ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் நகரத்தில் நிலத்தை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா விடுவது தவறு. ஆனால் முட்பற்றையோடு கொடுத்த நிலத்துக்கு முதலாவது ஆண்டில் ஒரு சலுகைக் காலம் இருக்க வேண்டும்.

அந்த ஒக்டோபரில் வாடகையைப் புதுப்பிப்பதா என்று மனைவியும் நானும் பல நாள் பேசினோம். புதுப்பித்ததற்குக் காரணம் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள். 74 பவுணில் கிடைப்பவற்றுள் நிலத்துக்கு அடுத்தபடியாகப் பெறுமதியானது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே பயிர் செய்யும் வடமராட்சி அக்காவின் கைவசம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. எந்த ஆண்டு எந்தத் திகதியில் கடைசி உறைபனி விழுந்தது, எதை எப்போது நட்டார் என்றெல்லாம் அந்தத் தோட்டத்துக்கே உரிய பஞ்சாங்கமாக எழுதி வைத்திருக்கிறார். "எங்கட ஊர் விதையை விட, இஞ்ச விளைஞ்ச விதையைத் தேடுங்கோ தம்பி" என்றார். ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒரு மூதாட்டி கலலூ என்ற பெயரில் வளர்ப்பது நமது தண்டுக்கீரையின் இனம்; பல ஆண்டுகளாக இதே மண்ணில் விளைந்து அவர் எடுத்துவைத்த விதையில் ஒரு கைப்பிடி எனக்குத் தந்தார். பதிலுக்கு நான் கொடுத்த மிளகாய்க் கன்று அவருடைய கண்ணாடிக் கொட்டிலில் இப்போதும் நிற்கிறது.

2025 முற்றிலும் வேறான ஆண்டு. வசந்தம் பிரித்தானியப் பதிவுகளிலேயே மிக வெயிலானதும் மிக வெப்பமானதும். தொடர்ந்து வந்த கோடையும் பதிவுகளிலேயே மிக வெப்பமானது. நத்தைகள் ஒளிந்துகொண்டன. பிளைற் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் மூடாத இடங்களில் களிமண் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடித்தது. எங்கள் அலொட்மென்றில் குழாயை நேரே பாத்திக்கு நீட்டி இறைக்கக் கூடாது. பொதுத் தொட்டியிலிருந்து பூவாளியில் அள்ள வேண்டும். எனது துண்டுக்கு மிக அருகிலுள்ள தொட்டி நாற்பது மீற்றர் தூரம். இரண்டு கையிலும் 10 லீற்றர் வாளியோடு ஒரு மாலைக்குப் பன்னிரண்டு நடை நடந்தேன். துலாவும் பட்டையும் வாய்க்காலும் கண்ட எனக்கு, ஒவ்வொரு செடியின் அடியிலும் தனித்தனியே ஊற்றி மேலே சருகு மூடுவது முதலில் விளையாட்டாகத் தெரிந்தது. அப்படி மூடிய பாத்திகள்தான் அந்தக் கோடையைத் தாண்டின. புதிய தொட்டி ஒன்று வேண்டும் என்று தோட்டக்காரர்கள் சேர்ந்து எழுதிய கோரிக்கைக்கு, இதை எழுதும்வரை பதில் இல்லை.

விளைச்சலைச் சொல்கிறேன். பிளைற்றைத் தாங்கும் சார்ப்போ மீரா உருளைக்கிழங்கும் சார்லட்டும் கலந்து இருபத்துநான்கு விதைக்கிழங்கு நட்டதில் 27 கிலோ. பந்தற் போஞ்சி, நாங்கள் தின்றதும் கொடுத்ததும் போக உறைபெட்டிக்குள் போனது மட்டும் 8 கிலோ. பூசினி ஆறு. கலலூ விதையில் வந்த கீரை, ஜூன் நடுவிலிருந்து செப்டெம்பர் வரை கிழமைக்கு இரண்டு தடவை அறுக்கக்கூடியதாக இருந்தது. அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்த அன்று, இந்த நாட்டில் பிறந்த எங்கள் இளைய மகள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கொத்தமல்லி கோடையில் உடனே பூத்துவிடும். அதை ஓகஸ்ட் நடுவில் விதைத்தால் ஒக்டோபர் கடைசிவரை இலை கிடைக்கிறது. கோவாவுக்குப் புறாவும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் தீராத தொல்லை. வலை கட்டாமல் அதை நடவே வேண்டாம்.

பணக் கணக்கில், முதலாவது ஆண்டு கருவிகள், எரு, இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 390 பவுண் போனது. அந்த ஆண்டு விளைந்ததைக் கடையில் வாங்கியிருந்தால் அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. இரண்டாவது ஆண்டுச் செலவு 150 பவுணுக்குள் அடங்கியது, விளைந்தது அதற்கு மேலேயே பெறும். ஆனால் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கிழமைக்கு இரண்டு மாலையும் சனிக்கிழமை முழுவதும் கொடுக்க முடியாதவர்கள், வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு இடம் விடுவது நல்லது. சிறு குழந்தைகளோடு இரவு வேலையும் பார்க்கும் என் நண்பர் ஒருவர் அரைத் துண்டு எடுத்து எட்டு மாதத்தில் வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். சில இடங்களில் கால் துண்டும் கொடுக்கிறார்கள். தொடங்குகிறவருக்கு அது போதும்.

நிலத்துக்கும் சட்டக் காப்புக்கும் அயலுக்கும் ஐந்தில் ஐந்து கொடுப்பேன். கவுன்சிலின் நிர்வாகத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. கையெழுத்திடும் முன்னர் மழை நாளொன்றில் போய் நிலத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள், தண்ணீர்த் தொட்டி வரை அடி எண்ணி நடவுங்கள், கவையால் மூன்று இடத்தில் குத்திக் கம்பளமோ கண்ணாடியோ தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் படம் எடுத்து, அகற்றித் தரும்படி எழுத்தில் கேட்டுவிட்டு அதன் பின்னர் கையெழுத்திடுங்கள்.

இந்த ஒக்டோபரில் மூன்றாவது ஆண்டுக்கான வாடகையைக் கட்டிவிட்டேன். சென்ற சனிக்கிழமை மண்ணை உருட்டிப் பார்த்தேன், உதிர்ந்தது. அறுபது உள்ளிப் பல்லை ஊன்றி, மேலே சருகு மூடிவிட்டு வந்திருக்கிறேன். அவரைப் பந்தல் இன்னும் அப்படியே நிற்கிறது. பகலின் நீளத்தைப் பாராமல் பூக்கும் அவரை வகையில் ஒரு பிடி விதையை அக்கா தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் பந்தற் கம்புகளை நான் பிடுங்கவில்லை.